பையனுக்கு மேக்ஸா, மேக்ஸ் லிட்டரஸியா?

அக்கா, நம்ம தென்னாப்பிரிக்கா ஸ்கூல்ல கிரேடு 10க்கு மேக்ஸ் எடுக்கிறதா, இல்ல அன்றாடக் கணக்கு மட்டும் வர்ற மேக்ஸ் லிட்டரஸி எடுக்கிறதான்னு கேட்டிருந்தீங்க, கூடவே பையன் ஹெட்போனை மாட்டிக்கிட்டு நம்பரை எல்லாம் கேக்குற ஓசையா மாத்திட்டு உக்காந்திருக்கான், இது சோறு போடுமான்னும் கேட்டிருந்தீங்க. ரெண்டும் ஒரே கேள்விதான்.

அவன் பண்றதுக்குப் பேரு சோனிஃபிகேஷன். கதிர்வீச்சு அளக்குற கைகர் கவுண்டர் டிக் டிக்னு அடிக்குதே, ஆபரேஷன் தியேட்டர்ல ஆக்ஸிஜன் குறையக் குறைய பீப் சுருதி இறங்குதே, எல்லாம் அதே ஜாதிதான். பார்வை இழந்த வானியல் விஞ்ஞானி வாண்டா டியாஸ் மெர்செட் டேட்டாவைக் காதால கேட்டே ஆராய்ச்சி பண்றவங்க, நம்ம கேப்டவுன்லயும் வேலை பார்த்திருக்காங்க.

அவன் அனுப்புன ஃபைலை ரெண்டு மூணு தடவை கேட்டேன், நல்லாவே இருக்கு. கிளாஸ் மார்க்கை பத்து பத்தா பிரிச்சு, எந்தக் கட்டத்துல பிள்ளைங்க அதிகமோ அங்க சுருதியை ஏத்திருக்கான், ஏறி நடுவுல உச்சிக்குப் போய் இறங்குது, அதான் பெல் கர்வ், மணி மாதிரி வளைவு. சம்பளக் கணக்கைப் போட்டா சட்டுனு ஏறி அப்புறம் கீழ இழுத்துக்கிட்டே போகும், அதுல கொஞ்சப் பேருதான் கோடீஸ்வரன்னு காதுக்கே தெரிஞ்சிடும்.

ஒரு கோளாறு இருக்கு. தலைக்கு இத்தனை ஹெர்ட்ஸ்னு (சுருதியை அளக்குற அலகு) நேரா பெருக்கி விட்டுட்டான். காது விகிதத்தைத்தான், அதாவது எத்தனை மடங்குங்கிறதைத்தான் கேக்கும். 5 பேரு 10 ஆனா ஸாவுல இருந்து மேல் ஸா வரைக்கும் தாவுது, 20 பேரு 25 ஆனா ஸாவுல இருந்து நாலே படி ஏறி அந்தர காந்தாரத்தோட நின்னுடுது, ரெண்டுலயும் கூடுனது அஞ்சே பேருதான்! வயலின் கத்துக்கிற பிள்ளை, சொன்னா உடனே புடிச்சுப்பான், ஆளுக்கு ஒரு ஸ்வரஸ்தானம், அதாவது ஒரு சுருதிப் படின்னு ஏத்தினா சரியாயிடும். ஆனா அதைக் கணக்கா எழுத அடுக்கு (எக்ஸ்பொனென்ட்) வேணும், சுருதியில இருந்து எத்தனை பேருன்னு திரும்பக் கண்டுபிடிக்க அதோட தலைகீழான லாகரிதம் வேணும், லாகரிதம் கிரேடு 12 மேக்ஸ்ல வருது, லிட்டரஸில கிடையாது. லிட்டரஸிலயும் டேட்டா பாடம் இருக்கத்தான் செய்யுது, அது அன்றாட வரவு செலவுக்குப் போதும், இவனுக்குப் பத்தாது.

சோனிஃபிகேஷன் ஆளு தேவைன்னு விளம்பரம் வர்றது அபூர்வம், அதை மட்டும் நம்பி விடாதீங்க. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சா பேங்க், இன்சூரன்ஸ், அரசாங்கப் புள்ளிவிவரத் துறையான ஸ்டாட்ஸ் எஸ்ஏன்னு வழி இருக்கு, கூட இந்தக் காது இருந்தா மெடிக்கல் மெஷின் அலாரம், பார்வை இல்லாதவங்களுக்கான சாஃப்ட்வேர் பக்கமும் போகலாம். டர்பன்ல நம்ம சாட்ஸ்வர்த்துல இருந்து குவாசுலு-நடால் யுனிவர்சிட்டியோட வெஸ்ட்வில் கேம்பஸ் என்ன தூரம், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அங்கயே இருக்கு. ஆனா லிட்டரஸி எடுத்துட்டா அந்த பிஎஸ்சி கதவு மூடிடும், நடுவுல லிட்டரஸில இருந்து மேக்ஸுக்குத் திரும்புறதும் லேசுப்பட்ட காரியம் இல்ல.

மேக்ஸ்ல மார்க் கம்மிங்கிறீங்க, எந்தப் பாடத்துல விடுறான்னு டீச்சர்கிட்ட கேட்டுட்டு அப்புறம் பாடம் தேர்ந்தெடுக்கிற ஃபாரத்துல கையெழுத்துப் போடுங்க. அல்ஜீப்ராவா இருந்தா இந்த லீவுலயே டியூஷன் வெச்சுடலாம்.