மார்க் வருவதற்கு முன்னால் தெரிவது

இந்த முறை வந்த கடிதங்களில் நாலு, கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பற்றியே இருந்தன. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதலில் கடிதம், அதன் கீழே என் பதில்.

முதலாண்டு வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், அறுபது பேர். போன வருடம் முதல் இன்டர்னல் பேப்பரைத் திருத்தும்போதுதான் பதினாலு பேர் தத்தளிப்பதே தெரிந்தது. அதில் ஐந்து பேர் அடுத்த செமஸ்டருக்கு வரவேயில்லை. இந்தத் தடவை முன்கூட்டியே கண்டுபிடிக்க எதைப் பார்க்க வேண்டும்?

பேப்பர் வரும்வரை காத்திருந்ததுதான் சிக்கல். முதல் இன்டர்னல் வருவதற்குள் ஐந்தாறு வாரம் ஓடிவிடும், அதற்குள் அந்தப் பையன் 'இது நமக்கு ஆகாது' என்று மனசுக்குள் மூட்டை கட்டியிருப்பான், நாம் அப்போதுதான் சிவப்பு மையில் வட்டம் போட்டுக்கொண்டிருப்போம்.

உங்கள் கையிலேயே இருக்கும் வருகைப் பதிவேட்டை எடுங்கள். கிரெடே என்பவரும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் 2010-இல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கல்லூரி மதிப்பெண்ணை முன்கூட்டிச் சொல்வதில் நுழைவுத் தேர்வு, பள்ளி மதிப்பெண், படிக்கும் பழக்கம் எல்லாவற்றையும்விட வகுப்புக்கு வருவதுதான் முன்னால் நின்றது. ஆனால் மொத்தச் சதவீதத்தைப் பார்க்காதீர்கள், அது செமஸ்டர் முடிவில் அபராதம் வாங்கத்தான் உதவும். மாற்றத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு வகுப்புகூட விடாதவர் மூன்றாவது வாரத்தில் இரண்டு நாள் வரவில்லை என்றால், அங்கே ஒரு புள்ளி வையுங்கள்.

அடுத்தது அசைன்மென்ட். பத்துக்கு நாலு வாங்கியவரைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன், அவர் இன்னும் களத்தில் இருக்கிறார். கொடுக்கவே கொடுக்காதவர்தான் கவலைக்குரியவர். முதல் அசைன்மென்ட்டை யார் கொடுக்கவில்லை என்பது, யார் குறைவாக வாங்கினார்கள் என்பதைவிடப் பெரிய தகவல்.

அப்புறம், இரண்டாவது வாரத்திலேயே பத்து நிமிடத்தில் முடிகிற மாதிரி ஒரு குட்டித் தேர்வு வையுங்கள், மார்க் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டு. அதன் பின்பக்கம் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: 'இன்றைக்கு எது புரியவில்லை?' நான் வகுப்பெடுத்த காலத்தில் அப்படி வாங்கிய தாள்களில் ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. முன்பக்கம் ஐந்து கணக்கில் மூன்று அடித்து அடித்துத் தாளே ஓட்டையாகியிருந்தது. திருப்பினால், முத்து முத்தான கையெழுத்தில் 'எல்லாம் புரிந்தது சார்'. கேள்வி கேட்கிறவர்களைக் கண்டுபிடிக்க நமக்கு எந்த உத்தியும் தேவையில்லை. இந்த 'எல்லாம் புரிந்தது' ஆட்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு தயவுசெய்து வகுப்பில் பொதுவாக, "சந்தேகம் இருக்கிறவங்க என் ரூமுக்கு வாங்க" என்று அறிவிக்காதீர்கள். நன்றாகப் படிக்கிற நாலு பேர் வருவார்கள், நீங்களும் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்வீர்கள். தனியாகக் கூப்பிட்டு, "செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு வா, இந்த இரண்டாவது கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்" என்று நாளும் நேரமும் சொல்லுங்கள். வராவிட்டால் இன்னொரு முறை கூப்பிடுங்கள். 'ஏன் இப்படி இருக்கிறாய்' என்ற விசாரணையெல்லாம் அந்தக் கணக்கு முடிந்த பிறகு தானாக வரும், வராவிட்டாலும் பரவாயில்லை.

எங்கள் கல்லூரியில், எந்த மாணவர் பின்தங்குகிறார் என்று சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு காட்டும் மென்பொருள் வாங்கப் போகிறார்கள். உண்மையிலேயே பலன் இருக்குமா?

விளக்கு எரியும், அதில் சந்தேகமில்லை. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகம் 2007-இலேயே இதை வெள்ளோட்டம் பார்த்தது. இதைப் பயன்படுத்திய பாடங்களை அதிகம் எடுத்தவர்கள் படிப்பை விடாமல் தொடர்கிறார்கள் என்று பிறகு பெருமையாகச் சொன்னார்கள். 2013 வாக்கில் சிலர் அந்தக் கணக்கையே கேள்வி கேட்டார்கள்: விடாமல் படித்ததால்தானே அத்தனை பாடங்களை எடுக்க முடிந்தது, காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுவிட்டீர்களே என்று. நியாயமான கேள்விதான்.

ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2012-இல் இதுபோன்ற ஒன்றைத் தொடங்கியபோது, எண்ணூறு வகை அறிகுறிகளைக் கணினி கவனித்தது. ஆனால் கூடவே ஆலோசகர்களையும் கூடுதலாக வேலைக்கு எடுத்தார்கள். சிவப்பு தெரிந்ததும் மாணவரை அழைத்துப் பேச ஆள் இருந்தது. கட்டணத்தில் சின்ன பாக்கி இருப்பதால் பெயர் நீக்கப்படவிருந்தவர்களுக்கு அந்தத் தொகையைப் பல்கலைக்கழகமே கொடுத்துப் படிப்பைத் தொடர வைத்த திட்டமும் அங்கே இருக்கிறது. ஆகவே விலைப்பட்டியலைப் பார்க்கும் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சிவப்பு எரிந்தால் அன்றைக்கே அந்த மாணவருக்குப் போன் போடப் போவது யார்? பெயர் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

மகள் முதல் வருடம், ஹாஸ்டலில் இருக்கிறாள். போனில் எப்போதும் 'எல்லாம் ஓகேம்மா' என்கிறாள், ஆனால் குரலே சரியில்லை. அவளுக்குத் தெரியாமல் பேராசிரியரிடம் பேசலாமா?

தெரியாமல் வேண்டாம். தெரிந்துவிட்டால் அந்த 'ஓகேம்மா'வும் நின்றுபோகும். பேசத்தான் வேண்டும் என்று தோன்றினால் அவளிடம் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

அதற்கு முன்னால் கேள்வியை மாற்றிப் பாருங்களேன். 'நல்லாப் படிக்கிறியா' என்றால் ஓகே என்ற பதில்தான் வரும். 'நேத்து ராத்திரி யார்கூட உட்கார்ந்து சாப்பிட்டே' என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தால் பாதி நிம்மதி. மூன்று வாரமாக ஒரு பெயரும் வரவில்லை, தூக்கம் தலைகீழாகிவிட்டது, வகுப்புக்குப் போவதையே பேச்சில் தவிர்க்கிறாள் என்றால் நேரில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆரம்பத்தில் வீட்டு நினைப்பு வருவது எல்லாருக்கும் உண்டு, பெரும்பாலும் நாளாக ஆகக் குறையும். குறையாமல் கூடிக்கொண்டே போவதுதான் வேறு கதை. வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் மட்டும் எதையும் யோசிக்க வேண்டாம். அப்போதே வார்டனை அழைத்து அவளைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், நீங்களும் கிளம்புங்கள், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அவளைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

பள்ளியில் முதல் மாணவன் நான். இங்கே முதல் தேர்வில் ஐம்பதுக்குப் பதினொன்று. தினமும் ஆறு மணி நேரம் அறையைச் சாத்திக்கொண்டு படிக்கிறேன். எனக்குத் தகுதி இல்லையோ?

தம்பி, உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது பதினொன்று இல்லை, 'அறையைச் சாத்திக்கொண்டு' என்பதுதான்.

1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற ஆய்வு மாணவர், நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் நிறையப் பேர் ஏன் தோற்கிறார்கள் என்று பார்க்கப் புறப்பட்டார். ஆசிரியர்களைக் கேட்டால் ஆர்வம் போதாது, அடித்தளம் போதாது, குடும்பத்தில் ஆதரவு இல்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். விசாரித்ததில் ஒன்றும் நிற்கவில்லை. சரி என்று கறுப்பின மாணவர் இருபது பேரையும் சீன மாணவர் இருபது பேரையும் பின்தொடர்ந்து, படிக்கும்போது என்ன செய்கிறார்கள் என்று நேரிலேயே பார்த்தார். முதல் குழுவினர் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தார்கள், ஆனால் தனித்தனியாக. சீன மாணவர்களோ தனியாகப் படித்துவிட்டுச் சாயங்காலம் கூடி உட்கார்ந்து, ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்து, பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தார்கள். தனக்கு வராத கணக்கு பக்கத்தில் இருப்பவனுக்கும் வரவில்லை என்று தெரிந்தால் அது கணக்கின் கஷ்டம். தனியாக இருப்பவனுக்கு அது தன் குறையாகத்தான் தெரியும். ட்ரைஸ்மன் பின்தங்கியவர்களுக்கான டியூஷன் என்று எதையும் வைக்கவில்லை, கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூட்டாகப் போட வைத்தார். தேர்ச்சி நன்றாகவே உயர்ந்தது.

இன்னொன்று. அந்த ஆறு மணி நேரத்தில் எவ்வளவு நேரம் நோட்டைத் திரும்பத் திரும்பப் படிக்கிறீர்கள்? ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் செய்த சோதனையில், மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். உங்கள் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

நாளைக்கு அந்தப் பதினொன்று வாங்கிய பேப்பரை எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்து பெஞ்சில் இருப்பவரிடம், "மூணாவது கணக்கு உனக்கு என்ன வந்தது?" என்று மட்டும் கேளுங்கள்.