லுவா ஏறியவரும் ஸோம்பியும் ஒன்றா?

இல்லை. லுவா என்பது ஹைட்டியின் வோடூ மதத்தில் மனிதர்மேல் ஏறும் ஆவி; கெதே என்பது இறப்போடு தொடர்புள்ள லுவாக் கூட்டம். நீங்கள் படிக்கத் தந்த கதையில், கெதே ஏறிய பெண்ணைச் 'செத்து எழுந்த ஸோம்பி' என்று எழுதியிருப்பதுதான் இடிக்கிறது. ஹைட்டி வோடூவில் அவள் 'ஷ்வால்', அதாவது குதிரை. மேலே ஏறிய லுவா இறங்கியதும் தன்னிலைக்கு வருவாள், நடந்தது நினைவிருக்காது. ஸோம்பியோ போகோர் என்னும் மந்திரவாதி ஆன்மாவைப் பிடித்து அடிமையாக்கிய ஆள்.

குழப்பத்துக்குக் காரணம் பாரோன் சம்தியாக இருக்கலாம். கெதேக்களின் தலைவன், கல்லறைக் காவலன். ஆனால் பிணத்தை யாரும் ஸோம்பியாக்காமல் காப்பவனே அவன்தான்!

அந்தக் காட்சியை இப்படிச் சோதியுங்கள்: 21 காரமிளகாய் ஊறிய சாராயத்தை முகம் சுளிக்காமல் குடித்தால் கெதே. உப்பு நாக்கில் பட்டதும் விழித்துக் கல்லறைக்குத் திரும்பினால் ஸோம்பி.

ஒரு எச்சரிக்கை: இறந்து ஓராண்டும் ஒரு நாளும் கழித்து ஆன்மாவை நீரிலிருந்து மீட்டு 'கோவி' என்னும் மண்ஜாடியில் அமர்த்தும் சடங்கு வேறு. அங்கே உடல் எழுவதில்லை.