சிட்டையைக் கிழித்துவிட்டால் பேரேடு என்ன செய்யும்?

கேள்வி: ஐயா, உளுந்தும் துவரையும் சென்னைக்கு அனுப்பும் ஆபீசில் வேலை பார்க்கிறேன். மெயில் சர்வர் எங்களுடையதே, மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் 2016. போன வாரம் டிஸ்க் நிரம்பிவிட்டதே என்று லாக் ஃபோல்டரில் ஆயிரக்கணக்கான ஃபைல்களை அழித்தேன். மறுநாள் கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுப்பதற்குள் சர்வர் அணைந்துவிட்டது. இப்போது டேட்டாபேஸ் மவுண்ட் ஆகவில்லை, அதாவது திறக்கவே இல்லை. விண்டோஸ் சர்வர் பேக்கப்பில் எடுத்த சனிக்கிழமை காப்பி இருக்கிறது. ரிப்பேர் போட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், தாம்வே, ரங்கூன்

பதில்: போடாதீர்கள் தம்பி. முதலில் ஈடிபி ஃபைலையும் (கடிதங்களெல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் ஃபைல்) மிச்சமிருக்கும் லாக்குகளையும் அப்படியே வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

என் தாத்தா மொகல் தெருக் கிட்டங்கி ஒன்றில் கணக்கெழுதியவர். வரவு செலவை அப்போதைக்கப்போது சிட்டையில் குறித்துவிடுவார். பேரேட்டில் ஏற்றுவது பிறகு, ஆற அமர. எக்ஸ்சேஞ்சும் அப்படித்தான். வருகிற கடிதம் முதலில் 1 எம்பி லாக் ஃபைலில் விழும். பிறகுதான் ஈடிபிக்குள் ஏறும். நீங்கள் கிழித்தது சிட்டையை.

எந்தப் பக்கங்களைக் கிழித்தீர்கள் என்பதில்தான் இருக்கிறது விஷயம். எக்ஸ்சேஞ்சோடு வரும் ஈஎஸ்இயூடில் என்ற கருவியில், ஈடிபி ஃபைலுக்கு /எம்எச் போட்டால் 'டர்ட்டி ஷட்டவுன்' (சரியாக மூடப்படவில்லை) என்று வரும். பயப்படாதீர்கள். 'லாக் ரிக்கொயர்ட்' என்ற வரியைப் பாருங்கள். எந்த எண் லாக்குகள் வேண்டும் என்று அதிலேயே இருக்கும். பெரும்பாலும் கடைசிச் சிலதான். நீங்கள் அழித்தது முந்தின நாள் என்பதால் அவை தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. இருந்தால், லாக் ஃபோல்டருக்குள் போய் அதே கருவியில் /ஆர் ஈ00 போடுங்கள், மிச்ச லாக்குகள் ஈடிபிக்குள் ஏறும் (லாக் பெயர் ஈ01 என்று தொடங்கினால் ஈ01). 'கிளீன் ஷட்டவுன்' ஆனதும் மவுண்ட் செய்யலாம்.

இல்லையென்றால் சனிக்கிழமை காப்பிதான். லாக் முழுசாக இருந்திருந்தால் அதன்மேல் ஓட்டி, கரண்ட் போன நிமிடம் வரை வந்திருக்கலாம். நடுவில் ஓட்டை விழுந்துவிட்டதால் உங்களுக்கு அந்த வழி இல்லை. அந்த இடைநாள் கடிதங்களுக்கு, ஊழியர்களின் அவுட்லுக்கை ஆஃப்லைனில் திறந்து பிஎஸ்டியாக, அதாவது தனி ஃபைலாக, எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு காலி டேட்டாபேஸை மவுண்ட் செய்தால் கப்பல் காகிதங்கள் தேங்காது. சனிக்கிழமை காப்பியை ரிக்கவரி டேட்டாபேஸாக (மீட்பதற்கு மட்டும் உள்ளது) தனியே வைத்து, நியூ-மெயில்பாக்ஸ்ரெஸ்டோர்ரெக்வெஸ்ட் என்ற கட்டளை கொண்டு பழையதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்ட ரிப்பேர், அதாவது ஈஎஸ்இயூடில் /பி, தனக்குப் புரியாத பக்கங்களைத் தூக்கி எறிந்துவிடும். நான் ஒருமுறை நடுராத்திரியில் பொறுமையிழந்து போட்டேன். டேட்டாபேஸ் எழுந்துவிட்டது. காலையில் கணக்குப் பிரிவு அக்கா கூப்பிட்டார்: கடிதமெல்லாம் இருக்கிறது, ஒன்றிலும் இன்வாய்ஸ் இல்லை! அப்படிப் பிழைத்த டேட்டாபேஸிலிருந்து பெட்டிகளை எல்லாம் புதியதற்கு மாற்றவும் வேண்டும்.

டிஸ்க் ஏன் நிரம்பியது? விண்டோஸ் சர்வர் பேக்கப் தானாகத் தேர்ந்துகொள்வது 'விஎஸ்எஸ் காப்பி' என்ற பேக்கப் வகை. அதிலிருந்து மீட்கலாம், ஆனால் அது லாக்கைத் தொடாது. 'விஎஸ்எஸ் ஃபுல்' என்று மாற்றி, டேட்டாபேஸும் லாக்கும் இருக்கும் டிரைவ்களை முழுதாகச் சேருங்கள். பேக்கப் முடிந்ததும் பழைய லாக்குகளை எக்ஸ்சேஞ்சே நீக்கிக்கொள்ளும். (2016-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-இலேயே முடிந்துவிட்டது. அதற்கு வேறொரு நாள் திட்டுகிறேன்.)

'லாக் ரிக்கொயர்ட்' வரியில் என்ன வந்தது என்று எழுதுங்கள்.