ஃபைன் கட்டினால் கேஸ் முடிந்துவிடுமா?

கேள்வி: திருச்சியில் நண்பன் கல்யாண ரிசப்ஷன். மாப்பிள்ளை வீட்டாரே தனி அறை போட்டு ஊற்றிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்றதற்குக் கேலி வேறு. திரும்பும்போது என் கார் ஒரு பைக்கில் மோதி, ஓட்டியவருக்குக் கால் எலும்பு முறிந்தது. ஊதிப் பார்த்ததில் 48. விற்பது அரசு, ஊற்றிக் கொடுத்தது ஊர், குற்றவாளி நான் மட்டுமா? 10,000 ரூபாய் ஃபைன் கட்டி முடித்துவிடு என்கிறார்கள் வீட்டில். செய்யலாமா?

பதில்: உங்கள் ஆதங்கம் பொய்யில்லை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதே தமிழ்நாட்டிலிருந்தும் போன வழக்கில்தான். ஆனால் அதை உங்கள் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிப் பயனில்லை. குடித்துவிட்டு ஓட்டுவதைத் தண்டிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுக்கு வேண்டியது ஒன்றுதான்: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்ததா? இருந்தது. கல்யாண வீட்டை விடுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது ஃபைனுக்கு அல்ல, அந்தக் காலுக்கு. அவர் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுவார். "இன்சூரன்ஸ் இருக்கிறது, கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று நீங்கள் நோட்டீஸை அலமாரியில் வைத்துவிடுவீர்கள். வக்கீலான என்னிடம் வழக்கோடு வந்து அழுதவர்கள் செய்தது இதைத்தான். அந்தச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, குடித்துவிட்டு ஓட்டியதையே பாலிசி நிபந்தனை மீறலாகக் காட்ட கம்பெனிக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஃபைன் கட்டி முடிக்க 185-ல் நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்ட தீர்ப்பின் நகல் அவர்கள் கைக்குப் போனால் வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. காயம்பட்டவருக்கு முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடும். கம்பெனி தனி வழக்குகூடப் போட வேண்டாம், அந்த உத்தரவை வைத்தே பணத்தை வசூலிக்க நேராக நிறைவேற்று மனு போடலாம். லட்சக்கணக்கில், வட்டியோடு, உங்கள் வீடு ஜப்திக்கு வரும். உங்கள் கார் ரிப்பேருக்கான க்ளெய்மும் கிடைக்காது.

அதனால் காயம் ஏற்படுத்தியதற்கான வழக்கையும் சேர்த்துப் பார்க்கும் வக்கீல் ஒருவர் இல்லாமல், 185-ல் மட்டும் தனியாகப் போய்த் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

இன்னொரு பள்ளமும் உண்டு. ஸ்டேஷன் வாசலில் நாலு பேர் கூடி, ஐம்பதாயிரத்தைக் கையில் கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று பத்திரத்தில் எழுதி வாங்குவார்கள். அந்தப் பத்திரத்தை நம்பாதீர்கள். அவர் பிறகு மனு போட்டால் அது உங்களைக் காப்பாற்றும் என்று எந்த வக்கீலும் உறுதி தர முடியாது. பெரும்பாலும் இரண்டு முறை பணம் கொடுத்தவராக நிற்பீர்கள்.

சமரசமாகப் போங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன், ஆனால் முறையாக. ஆஸ்பத்திரிச் செலவை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். வங்கி மூலம் கொடுத்து ரசீது வைத்திருங்கள். அவர் வேலைக்குப் போக முடியாமல் படுத்திருக்கிறார், அந்த வீட்டில் அடுப்பெரிய வேண்டும். மனு வந்ததும் முதல் வாய்தாவுக்கே ஆஜராகி, இன்சூரன்ஸ் கம்பெனியையும் உட்காரவைத்து, லோக் அதாலத்தில் தொகையைப் பேசி முடியுங்கள். உங்கள் பங்கு எவ்வளவு என்பது அந்த உத்தரவிலேயே எழுதப்பட வேண்டும்.

ஒப்புக்கொள்வதானாலும் ஒன்று நினைவிருக்கட்டும்: அது தண்டனைப் பதிவு. இதே குற்றத்தில் மறுபடி பிடிபட்டால் 2 ஆண்டு வரை சிறை.