முப்பது குடும்பங்களின் வரலாறு – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். முப்பது லுத்தரன் குடும்பங்கள் இருக்கிறோம். ஐயர் (எங்கள் சபைக் குருவை அப்படித்தான் சொல்வோம்) மாதம் ஒருமுறை நற்கருணைக்கு வருவார், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் ஆராதனை நடத்துவார். வரப்போகும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஒரு மலர் போடலாம் என்று சபைச் சங்கத்தில் முடிவு செய்து, எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயரைப் பற்றி இரண்டு பக்கம், இதுவரை இருந்த ஐயர்மார் பட்டியல், சில படங்கள் போதும் என்கிறார்கள். எங்கள் ஊரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இந்த மாதிரி சபைக்கு வரலாறு என்று ஒன்று இருக்கிறதா? பஞ்சத்தில் கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்று எங்களைச் சொல்வதுண்டு. அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்கிறார்கள் பெரியவர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இருக்கிறது. நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதும் இல்லை.

சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய 1706 ஜூலை 9ஆம் தேதியைத் தாராளமாகப் போடுங்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் உங்கள் ஊர் அதில் வராது. தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஒரு சிறிய துண்டு நிலம். அதைத் தாண்டினால் தஞ்சை மராட்டிய அரசரின் நாடு. வெள்ளைக்கார மிஷனரிகள் அங்கே நினைத்தபடி போய்வர முடியவில்லை. உள்நாட்டுக் கிராமங்களுக்கு நடந்து போனவர்கள் தமிழ் உபதேசியார்கள். கடலூரில் ஆறுமுகம் என்ற பெயரோடு இருந்து, 1718இல் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன், 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்றார். இந்தியர்களில் முதல் புராட்டஸ்டன்ட் குரு அவர்தான். அவர் சுற்றி வந்தது உங்கள் மாயவரம் பக்கத்துக் கிராமங்களை. மலரின் முதல் பக்கத்தில் ஒரு பெயர் வேண்டுமென்றால் நான் ஆரோனின் பெயரைத்தான் போடுவேன்.

இன்னொருவரையும் சேர்க்க வேண்டும். இராஜநாயக்கன். தஞ்சை அரசரின் படையில் இருந்தவர், கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ச் சுவிசேஷம் கைக்குக் கிடைத்து, படித்து, லுத்தரன் சபைக்கு வந்து உபதேசியாரானார். பல ஊர்களில் சபைகள் அவர் உழைப்பால் உண்டாயின. ஆனாலும் அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. அவர் பறையர். அவர் கையால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகளே ஒதுங்கிக்கொண்டார்கள்.

இதை மலரில் எழுதினால் சண்டை வருமா? வரலாம். எழுதாமல் விட்டால் நம் சபையின் பாதி வரலாறு காணாமல் போகும். 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் ஆலயத்துக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவு போட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் அதை ஏற்காத வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் விலகினார்கள். அவர்களில் கணிசமானவர்கள் பிற்பாடு ஜெர்மனியிலிருந்து வந்த லைப்சிக் மிஷனின் லுத்தரன் சபைகளில் சேர்ந்தார்கள். சாதி சமூக வழக்கம், அதில் மிஷன் அவசரப்படக் கூடாது என்பது லைப்சிக் இயக்குநர் கார்ல் கிரவுலின் நிலைப்பாடு. அதை ஏற்க முடியாமல் ஓக்ஸ் என்ற மிஷனரி லைப்சிக்கை விட்டே வெளியேறினார். அவர் மேல்பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய வேலைதான் டேனிஷ் மிஷன் வழியாக ஆற்காடு லுத்தரன் சபையாயிற்று. என் மரியாதை ஓக்ஸ் பக்கம்தான். கிரவுல் பெரிய தமிழறிஞர், குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர். அந்தப் புலமையை மதிக்கிறேன். ஆனால் அவர் நிலைப்பாட்டின் விலையைக் கொடுத்தவர்கள் ஆலயத்தில் தனியாக உட்கார வைக்கப்பட்டவர்கள்.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று பதிவேடுகள் உங்கள் குருசேகரத்தின், அதாவது ஒரே ஐயரின் பொறுப்பில் இருக்கும் ஊர்ச் சபைகளின், தலைமை ஆலயத்தில் இருக்க வேண்டும். ஐயரிடம் அனுமதி வாங்கி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கரையான் உங்களை முந்திக்கொள்ளும். முதலில் பார்க்க வேண்டியது பெரியவர்களாக ஞானஸ்நானம் பெற்றவர்களை. எந்த வருஷத்தில், எத்தனை குடும்பங்கள், ஒரே நாளிலா, சில வருஷ இடைவெளியிலா? ஞானப்பெற்றோராக நின்றவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? பெரும்பாலும் பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர் வழியாகத்தான் ஒரு தெருவுக்குள் வேதம் வந்திருக்கும். மிஷனரி அறிக்கையில் அது இருக்காது, சாட்சிகளின் பெயர்களில் இருக்கும்.

கையெழுத்து மாறும் இடங்களையும் கவனியுங்கள். முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிகள் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள். சுவீடன் மிஷனைச் சேர்ந்தவர்கள் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. அந்த ஐந்தாறு வருஷத்தில் உங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தது யார், அவருக்குச் சம்பளம் வந்ததா என்று பாருங்கள். ஐயர்மார் பட்டியலைவிட உபதேசியார் பட்டியல் முக்கியம். ஐயர் மாறிக்கொண்டே இருப்பார். உபதேசியார் அதே தெருவில் குடியிருந்து, பள்ளிக்கூடமும் நடத்தி, மனு எழுதிக்கொடுத்து, சாவுக்கும் நின்றவர். பல ஊர்களில் அவர் மனைவிதான் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். அவருக்குச் சம்பளப் பட்டியலில் இடம் கிடையாது. வயதான பெண்களைக் கேட்டால் அவர் பெயர் கிடைக்கும்.

அப்புறம், கோயில் நிற்கும் மனை யாருடையது என்று கேளுங்கள். டெல்டாவில் பண்ணையாட்களின் குடிசை இருந்த இடம்கூட மிராசுதாருடையது. பிடிக்காததைச் செய்தால் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லலாம். குடியிருப்பு மனையைக் குடியிருப்போருக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது. அதற்கு முன் ஒரு பண்ணையாள் தெருவில் வேதக்கோயில் எழும்பியது என்றால், யாரோ மனை கொடுத்திருக்க வேண்டும், அல்லது மிஷன் வாங்கியிருக்க வேண்டும், அல்லது ஜனங்கள் பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும். பத்திரப்பதிவு அலுவலகத்தில் தேடிப் பாருங்கள். எனக்கு இந்த ஒரு பக்கத்துக்காகவே உங்கள் மலரைப் படிக்க ஆசை.

கஞ்சி விஷயம். தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை. காவிரிப் பாசனம் இருந்ததால் தஞ்சை டெல்டா மற்ற மாவட்டங்கள் அளவுக்கு அடிபடவில்லை. ஆகவே முதலில் பதிவேட்டில் வருஷத்தைப் பாருங்கள். அந்தக் கதை உங்கள் ஊருக்கே பொருந்தாமல் போகலாம். பொருந்தினால் அப்படியே எழுதுங்கள். பசித்த நேரத்தில் யார் வாசலில் சோறு கிடைத்ததோ அங்கே போனது வெட்கப்படும் காரியம் இல்லை, வெட்கப்பட வேண்டியவர்கள் கதவைச் சாத்தியவர்கள். பஞ்சம் முடிந்து கஞ்சித்தொட்டி மூடிய பிறகும் அந்தக் குடும்பங்கள் பத்துக் கட்டளையையும் விசுவாசப் பிரமாணத்தையும் தங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அதற்கு யாரும் கஞ்சி ஊற்றவில்லை.

குடும்பங்கள் குறைந்ததையும் எழுத வேண்டும். ரங்கூன், மலாயா, இலங்கை என்று போனவர்கள் சபையையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மலேசியாவின் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அப்படிப் போன தமிழர்களிடமிருந்து, 1907 வாக்கில் தொடங்கியதுதான்.

தரங்கம்பாடி மிஷனரிகளின் நாட்குறிப்புகளும் லைப்சிக் மிஷனின் ஆவணங்களும் ஜெர்மனியில் ஹாலே நகரில், ஃபிராங்கே நிறுவனத்தில் இருக்கின்றன. உங்கள் ஊரின் பழைய பெயரைச் சொல்லி எழுதிக் கேளுங்கள். சென்னை குருகுல் கல்லூரி நூலகத்தையும் விட வேண்டாம். வருவதை அப்படியே நம்பவும் வேண்டாம். அந்த அறிக்கைகள் ஐரோப்பாவில் காணிக்கை கொடுத்தவர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டவை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. 1950ஆம் வருஷ ஜனாதிபதி உத்தரவின்படி கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதிக்குரிய உரிமையை இழக்கிறார். அதனால் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர். நீங்கள் பதிவேட்டைப் படமெடுத்து மலரில் போட்டால், யாரோ ஒரு பிள்ளையின் படிப்புக்கோ வேலைக்கோ ஆபத்து வரும். 1950க்குப் பிந்தைய பதிவுகளில் எந்தப் பெயரையும் அந்தந்தக் குடும்பத்தைக் கேட்காமல் அச்சிடாதீர்கள். முழு ஏட்டின் நகல் சபையில் பத்திரமாக இருக்கட்டும். மலருக்கு 1950க்கு முந்தைய தலைமுறைகளே போதும்.

அன்புடன்.