சைக்கிளில் குழுவாக நீலகிரி ஏற: கல்லட்டியை முதல் நாளில் வைக்காதீர்கள்

கேள்வி: ஈரோட்டில் ஒன்பது பேர் சேர்ந்து ஞாயிறுதோறும் 60, 70 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறோம். வயது 24 முதல் 56 வரை. மூன்று பேரிடம் ரோடு பைக் (மெல்லிய டயர் வேகச் சைக்கிள்), ஒருவரிடம் எம்டிபி (தடித்த டயர் மலைச் சைக்கிள்), ஐந்து பேரிடம் இரண்டுக்கும் இடைப்பட்ட ஹைபிரிட். டிசம்பர் கடைசி வாரத்தில் நான்கு நாள் நீலகிரி போகிறோம். கால் களைக்காமல் இருக்கும்போதே முதலில் கல்லட்டி, அப்புறம் குன்னூர், கடைசியில் கோத்தகிரி என்று மூன்று மலைப்பாதைகளையும் ஏறிவிட எண்ணம். ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்க வேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. கூடவே வேன் வர வேண்டுமா? எப்படித் திட்டமிடலாம்?

பதில்: வேன் கட்டாயம் வேண்டும். மற்றபடி உங்கள் திட்டத்தில் மூன்றை மாற்றச் சொல்வேன். கோத்தகிரியை முதலில் வையுங்கள், கல்லட்டியைக் கடைசி ஏற்றமாக வையுங்கள், குன்னூர்ப் பாதையில் ஏறுவதை இந்தமுறை விட்டுவிடுங்கள். தேதியையும் தள்ளிப் போடுங்கள். ஒன்றாக ஏறும் ஆசையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலையில் குழுக்கள் உடைவது பெரும்பாலும் அதனால்தான்.

சமவெளியில் நீங்கள் ஒன்பது பேரும் ஒரே வேகத்தில் போக முடிவதற்குக் காரணம் காற்று. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்கிறார், பின்னால் வருகிறவருக்கு மிதிப்பது சுலபமாகிறது. ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் அந்த உதவி கிடைக்காது. அங்கே உடம்பின் எடையும் காலின் பலமும்தான் கணக்கு. மெதுவாகப் போகிறவர் மற்றவர்களோடு ஒட்டிக்கொள்ள நினைத்தால் முதல் இருபது நிமிடத்திலேயே மூச்சிரைத்து, மீதி இரண்டு மணி நேரமும் அவஸ்தைப்படுவார். வேகமாகப் போகிறவர் அவருக்காக மெதுவாக மிதித்தால் சைக்கிள் தள்ளாடும், முழங்கால் வலிக்கும். ஆகவே ஏறும்போது அவரவர் வேகம் அவரவருக்கு. சேரும் இடங்களை மட்டும் முதல் நாள் இரவே முடிவு செய்து எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுங்கள். கோத்தகிரிப் பாதையில் குஞ்சப்பனை, அரவேனு, கோத்தகிரி பேருந்து நிலையம் என்று மூன்று இடம் போதும்.

சேரும் இடத்திலும் ஒரு ஒழுங்கு வேண்டும். பொதுவாக என்ன நடக்கிறது என்றால், முன்னால் வந்தவர்கள் அரைமணி நேரம் உட்கார்ந்து டீ குடித்து, போட்டோ எடுத்து முடித்திருப்பார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் ‘சரி, எல்லோரும் வந்தாச்சு, கிளம்பலாம்’ என்று எழுந்துவிடுவார்கள். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. அடுத்த நிறுத்தத்தில் அவர் இன்னும் பிந்துவார், மூன்றாவதில் வேனில் ஏறிவிடுவார். கடைசி ஆள் வந்ததிலிருந்து பத்து நிமிடம் கழித்துத்தான் கிளம்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் சாப்பிட்டுவிட வேண்டும். குழுவிலேயே பலமான ஆள் யாரோ அவர்தான் எல்லோருக்கும் பின்னால் வர வேண்டும். பஞ்சர் பசை, பம்பு, செயின் கழற்றும் கருவி எல்லாம் அவரிடம் இருக்கட்டும்.

அடுத்தது கியர். எந்த நாள் எந்தப் பாதை என்பதற்கு முன்பே முடிவாக வேண்டிய விஷயம் இது. உங்கள் ஒன்பது சைக்கிள்களில் எனக்குக் கவலை தருபவை அந்த மூன்று ரோடு பைக்குகள்தான். ஹைபிரிட்டிலும் எம்டிபியிலும் பெரும்பாலும் மிதிப்பதற்கு மிக இலகுவான கியர்கள் இருக்கும். ரோடு பைக்கில் முன்னால் சிறிய பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28 பல் என்பது வழக்கம். கல்லட்டியில் மணிக்கு 7.5 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினாலே நல்ல வேகம். 28 பல்லோடு அந்த வேகத்தில் போனால் பெடல் நிமிடத்துக்கு 50 சுற்றுக்கும் குறைவாகத்தான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் முழங்காலில் இறங்கும். பின்னால் பெரியது 34 பல் உள்ள கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) போட்டால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று, நிமிடத்துக்கு 60 மிதியில் அதே 7.5 கிலோமீட்டர் கிடைக்கும். கேசட்டை மட்டும் வாங்கி மாட்டிவிட முடியாது. செயினை இழுத்துப் பிடிக்கும் பின் கியர் அமைப்பு அவ்வளவு பெரிய பல்சக்கரத்தைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

மலைப்பாதையைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள், உயரத்தில் போடுங்கள். உங்களைப் போலச் சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் ஒரு மணி நேரத்தில் 400 முதல் 600 மீட்டர் உயரம் ஏறலாம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர். கோத்தகிரி அதைவிட ஏறக்குறைய 1,450 மீட்டர் மேலே, 33 கிலோமீட்டர் தூரத்தில். வேகமானவருக்கு இரண்டரை மணி நேரம், மெதுவானவருக்கு நான்கு. காலை 6.30க்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். சரிவு ஒரே சீராக இருப்பதால் உங்கள் உடம்புக்கு ஏற்ற வேகம் எது என்று இந்தப் பாதையே கற்றுக்கொடுக்கும். முதல் நாளுக்கு இதைச் சொல்வது அதனால்தான்.

கல்லட்டி அப்படியல்ல. மசினகுடியிலிருந்து மாவனல்லா தாண்டி மலையடிக்கு வந்தால், அங்கிருந்து தலைகுந்தா வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் 1,000 மீட்டருக்கு மேல் ஏற்றம், 36 கொண்டை ஊசி வளைவுகள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் மலை ரயில் 12 அடிக்கு ஓர் அடி ஏறுவதற்காகத் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். கல்லட்டியின் சராசரியே அதற்குக் குறையாது, சில இடங்களில் அதையும் மிஞ்சும். 2008 முதல் நடக்கும் டூர் ஆஃப் நீல்கிரிஸ் சைக்கிள் பயணத்திலும் எல்லோரும் பயந்து பேசும் ஏற்றம் இதுதான். முதல் நாளிலேயே இதில் ஏறி இரண்டு பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டால், மிச்ச நாட்கள் ஒன்பது பேருக்குமே போய்விடும்.

அந்த வளைவுகளில் எந்தக் கோட்டில் ஓட்டுவது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சிரமம் குறையும். கொண்டை ஊசி வளைவின் உள்பக்க விளிம்புதான் மிகச் செங்குத்து, வெளிப்பக்கம் சற்றே சமமாக இருக்கும். நாம் இடதுபுறம் ஓட்டுகிறவர்கள். ஆகவே இடப்பக்கம் திரும்பும் வளைவில் அந்தச் செங்குத்தான விளிம்பில் மாட்டிக்கொள்வோம். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, பின்னால் வண்டி வரவில்லை என்றால் சற்று வெளியே தள்ளி ஏறுங்கள். வலப்பக்கம் திரும்பும் வளைவில் வெளிவிளிம்பு தானாகவே நமக்குக் கிடைக்கும். தண்ணீர் குடிக்க, தோளைத் தளர்த்த, மூச்சை மீட்க அதுதான் இடம். பேருந்து ஹாரன் கேட்டால் வளைவுக்குள் நுழையவே வேண்டாம், முன்பே ஒதுங்கி நில்லுங்கள். பேருந்து திரும்பச் சாலையின் முழு அகலமும் வேண்டும். வளைவுகளுக்கு எண் பலகை இருப்பதால், பன்னிரண்டு வளைவுக்கு ஒருமுறை சேர்வதாக வைத்துக்கொள்ளலாம். செல்போன் சிக்னலை நம்பாதீர்கள்.

கல்லட்டியின் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்வதும் யோசிக்க வேண்டியது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாகக் கீழே இறங்க வெளியூர் வாகனங்களுக்குத் தடை இருக்கிறது. விபத்துகள் அதிகம் நடந்த இறக்கம் அது. சைக்கிளிலும் அதில் இறங்க நினைக்க வேண்டாம். கூடலூர், தெப்பக்காடு வழியாகச் சுற்றித்தான் மசினகுடிக்குப் போக வேண்டும். தெப்பக்காடு முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அந்தப் பகுதியைச் சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு பகலிலேயே கடந்துவிடுங்கள். இரவு மசினகுடியில் தங்கி, நன்றாக விடிந்து ஒரு மணி நேரம் கழித்து ஏறத் தொடங்குங்கள். அதிகாலை யானைகள் சாலையைக் கடக்கும் நேரம். முன்னால் யானை நின்றால் போட்டோ எடுக்கப் போகாமல், சத்தம் போடாமல் திரும்பி வந்து வேனுக்காகக் காத்திருக்க வேண்டும். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் காட்டுமாடு மேயும். அமைதியாகத்தான் தெரியும், ஆனால் பக்கத்தில் போகக் கூடாது.

ஆக, நான்கு நாள் இப்படி அமையும். முந்தைய இரவே மேட்டுப்பாளையம் வந்துவிடுங்கள். முதல் நாள் கோத்தகிரி ஏறி அங்கேயே தங்கல். இரண்டாம் நாள் கட்டபெட்டு வழியாக ஊட்டி, கால் இடம் கொடுக்கிறவர்கள் மட்டும் வழியில் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவுக்குப் பிரிந்து ஏறி வரலாம். மதியத்துக்கு மேல் வேனில் மசினகுடி. மூன்றாம் நாள் கல்லட்டி, ஊட்டியில் தங்கல். நான்காம் நாள் கோத்தகிரி வழியாகவே மேட்டுப்பாளையம் இறக்கம். குன்னூர்ப் பாதையை விடச் சொல்வதற்குக் காரணம் லாரியும் பேருந்தும் சுற்றுலா வண்டிகளும்தான். அதன் அழகைப் பார்க்க மலை ரயிலில் ஒருமுறை வாருங்கள்.

வந்த வழியே இறங்குவது சலிப்பாகத் தோன்றலாம். ஆனால் முதல் நாள் மெதுவாக ஏறிய பாதையில் எந்த வளைவு எப்படி மடங்கும், எங்கே ஜல்லி கிடக்கும், எங்கே மரநிழலில் ஈரம் காயாமல் இருக்கும் என்று உங்கள் கண்ணுக்குப் பழகியிருக்கும். மலையில் பெரிய விபத்துகள் இறக்கத்தில்தான் நடக்கின்றன, அதுவும் முன்பின் பார்க்காத வளைவில். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்காதீர்கள். சக்கர வளையத்தையே பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் வளையம் சூடேறி டியூப் வெடிக்கலாம், சக்கர நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் என்றால் பிடிமானம் குறையும். நேர்ச் சாலையில் வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி குறைத்து, வளைவுக்கு முன்பே வேகம் தணிந்திருக்க வேண்டும். வளைவுக்குள் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். இருவருக்கு நடுவே குறைந்தது முப்பது மீட்டர் இடைவெளி, இறக்கத்தில் முந்துவதே கூடாது. காலைப் பனியில் முழுவிரல் கையுறை இல்லாமல் இறங்கினால் விரல் மரத்துப் பிரேக் பிடிக்க வராது. காற்று புகாத ஜாக்கெட் இல்லாதவர்கள் நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் இரண்டு நாளிதழை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகவே காக்கும்.

தேதியைப் பற்றி. டிசம்பர் கடைசி வாரம் பள்ளி விடுமுறை, சாலை முழுக்க வண்டி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில்தான் கனமாகப் பெய்யும். 2009 நவம்பரில் நடந்த மண்சரிவுகளை மலைக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி பிற்பகுதி அல்லது பிப்ரவரியின் வாரநாட்கள் உங்களுக்கு ஏற்றவை. விடியற்காலை ஊட்டியில் உறைபனி இருக்கும், எட்டு மணிக்கு மேல் அருமையான வெயில். மே மாதம் வேண்டவே வேண்டாம்.

தள்ளிப் போடுவதால் பயிற்சிக்கும் நாள் கிடைக்கும். உங்களுக்குப் பக்கத்திலேயே ஏற்காடு இருக்கிறது, 20 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு மாதத்தில் மூன்று நான்கு முறையாவது ஏறி இறங்குங்கள். கல்லட்டிக்கு ஒத்திகை வேண்டுமென்றால் கொல்லிமலை, 70 வளைவுகள். திம்பம் மலைப்பாதை பக்கத்தில்தானே இருக்கிறது என்று அங்கே போகாதீர்கள், அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். ஏற்காட்டில் கால் ஊன்றாமல் ஏற முடியாதவர்கள் கல்லட்டி நாளில் வேனில் வரட்டும். இதை இப்போதே பேசி முடிவு செய்துவிட்டால், மலையடியில் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

56 வயதுக்காரரும், நாற்பத்தைந்தைத் தாண்டிய மற்றவர்களும் பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று அவரிடமே கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்கு அடினலோல், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு இயல்பாகவே ஏறாது. கையில் கட்டிய வாட்ச் காட்டும் எண்ணை நம்பி அவர்கள் வேகத்தைக் கூட்டக் கூடாது. மிதித்துக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதுதான் அவர்களுக்கு அளவு. நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், கை வலி எது வந்தாலும் உடனே சைக்கிளை வேனில் போட்டுவிட்டு மருத்துவமனை.

வயிறு விஷயத்தில் புதிதாக எதையும் முயல வேண்டாம். காலையில் இட்லி, வழியில் மணிக்கு இரண்டு வாழைப்பழம் அல்லது அதற்கு ஈடாகக் கடலை மிட்டாய், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள். நீலகிரியில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சோதனைச் சாவடியில் பிடித்தால் அபராதம். ஆளுக்கு இரண்டு சைக்கிள் பாட்டில், வேனில் 20 லிட்டர் கேன் இரண்டு என்று வைத்துக்கொண்டால், சாலையோரத் தண்ணீர் ஏடிஎம்களிலும் நிரப்பிக்கொள்ளலாம்.

வேன் டிரைவர் மலையில் ஓட்டிப் பழகியவராக இருக்க வேண்டும். கடைசி ஆளின் பின்னால் ஊர்ந்து வரச் சொல்லாதீர்கள், பின்னால் வண்டிகள் சேர்ந்து ஆபத்தாகும். அவர் முன்னால் போய் அடுத்த சேருமிடத்தில் காத்திருக்க வேண்டும், அழைத்தால் திரும்பி வர வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்று வரம்பு வைக்கும் காலமும் உண்டு, ஆகவே தேதி முடிவானதும் வேன் எண்ணைப் போட்டுப் பாஸ் எடுத்துவிட்டு, அதற்கப்புறம் அறைகளுக்கு முன்பணம் கட்டுங்கள்.