பயாப்ஸில ஒண்ணும் இல்லைன்னாங்க, திரும்ப எதுக்கு ஸ்கோப்?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயசு. ரெண்டு மாசமா சாப்பிட்டதும் மேல்வயிறு கனக்குதுன்னு சொல்லிட்டே இருந்தார். எண்டோஸ்கோப்பி பண்ணதுல இரைப்பையோட கடைசிப் பகுதில 2 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டி இருக்குன்னாங்க. பயாப்ஸில வெறும் கேஸ்ட்ரைட்டிஸ் (இரைப்பை உள்தோல் அழற்சி), கேன்சர் இல்லைன்னு வந்துச்சு. இப்போ எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் பண்ணணுமாம். எதையோ மறைக்கிறாங்கன்னு அம்மா ஒரே அழுகை. ஏன் டாக்டர் திரும்ப குழாய் விடணும்?
– வாசகி, ஈரோடு

பதில்: நீங்க எழுதினதைப் பார்த்தா மறைக்கிற மாதிரி எனக்குத் தெரியலம்மா, அம்மாகிட்ட அதை முதல்ல சொல்லுங்க. பயாப்ஸி எடுக்கிற இடுக்கி நெல்லு அளவுக்குத்தான் பிச்சு எடுக்கும், அது பெரும்பாலும் மேல்தோலோட நின்னுடும், ஆனா சில கட்டி அந்தத் தோலுக்கு அடியில உக்காந்திருக்கும். பலாப்பழத்தோட முள்ளுத் தோலை மட்டும் சுரண்டிட்டு சுளை எப்படின்னு கேட்டா என்ன சொல்ல முடியும்? அதனால அந்த ரிப்போர்ட் தோலைப் பத்தித்தான் சொல்லுது, கட்டியைப் பத்தி இன்னும் யாருக்கும் தெரியாது.

இப்போ சொல்ற எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட்லயும் வாய் வழியாத்தான் குழாய் போகும், நுனியில குட்டியா ஒரு ஸ்கேன் இருக்கும். திரையில இரைப்பைச் சுவர் வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளைன்னு வேட்டிக் கரை மாதிரி அஞ்சு கோடாத் தெரியும். கட்டி எந்தக் கோட்டுல இருந்து கிளம்புதுன்னு எண்ணிப் பார்க்கிறதுதான் முக்கியமான வேலையே. நாலாவது கோடு தசை, அதுல இருந்து கறுப்பா வந்தா ஜிஸ்ட்ங்கிற கட்டியான்னு யோசிப்போம், அது கேன்சரா மாறக்கூடியது, சும்மா விட முடியாது. மூணாவது கோட்டுல பளிச்சுன்னு வெள்ளையா இருந்தா அனேகமா கொழுப்புக் கட்டி, இடுக்கியால அழுத்தினா தலையணை மாதிரி அமுங்கும். ரெண்டாவது மூணாவது கோட்டுல கறுப்பா, ஓரம் சரியாத் தெரியாம மங்கலா, கீழ தசைக்கோடு முழுசா அப்படியே இருந்துச்சுன்னா இன்ஃப்ளமேட்டரி ஃபைப்ராய்டு பாலிப்ங்கிற சாதுவான கட்டியா இருக்கலாம். அப்பாவுக்குச் சொல்ற அதே இடத்துலதான், இரைப்பையோட கடைசிப் பகுதிலதான், இது அதிகம் வரும், 1949லயே வானெக்னு ஒரு டாக்டர் இதை எழுதி வச்சிருக்கார். இது கேன்சர் இல்ல, பரவாது. பேரைக் கேட்டு அம்மா கர்ப்பப்பை ஃபைப்ராய்டோட போட்டுக் குழப்பிக்க வேண்டாம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

ஆனா ஸ்கேன் படத்தை மட்டும் வச்சு சத்தியம் பண்ண மாட்டேன், கார்சினாய்டுன்னு பரவக்கூடிய இன்னொரு வகைக் கட்டியும் அதே கோடுகள்ல கறுப்பாத்தான் இருக்கும். தசைக்கோடு பத்திரமா இருக்குன்னு தெரிஞ்சா வயித்தைக் கிழிக்காம ஸ்கோப் வழியாவே முழுசா எடுத்துடலாம், அப்புறம் லேப்ல சாயம் போட்டுப் பார்த்தாத்தான் முடிவான பேரு. ஃபைப்ராய்டு பாலிப்னு வந்தா, முழுசா எடுத்த அப்புறம் திரும்ப வர்றது ரொம்ப அபூர்வம். அதனால இந்த டெஸ்ட்டை மட்டும் தள்ளிப்போடாதீங்க.

நடுவுல மலம் தார் மாதிரி கறுப்பாப் போச்சுன்னா அப்பாயின்ட்மென்ட்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இன்னொண்ணு, அப்பா இதயத்துக்கோ வேற எதுக்கோ ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாருன்னா டாக்டர்கிட்ட இப்பவே சொல்லிடுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க.